செங்கமலத்தின் இரண்டாவது வீடு

ஒரு காட்டில், இருந்த மரங்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, ‘பசுஞ்சோலை அவென்யூ’ என்று புதுசாக ஒரு நகர் போட்டார்கள். அதில் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு வீடு வாங்கியது செங்கமலம் என்ற ஆமை. பால் காய்ச்சியாயிற்று. திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டியாயிற்று. அப்பாடா என்று வாசலில் வந்து காலை நீட்டியதோ இல்லையோ, வந்து நின்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர், கொக்கு ஆராவமுதன்.

“என்னம்மா இது? ஒரு மனைக்கு ஒரு வீடுதான்னு விதி. நீங்க ரெண்டு வெச்சிருக்கீங்க!”

“ரெண்டா? எங்க சார்?”

“முதுகுல.”

செங்கமலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, அது என் ஓடு சார்! பொறக்கும்போதே இருக்கு.”

“பொறக்கும்போது பிளான் அப்ரூவல் வாங்கினீங்களா? நம்ம நகர்ல எல்லா வீடும் சந்தனக் கலர்ல இருக்கணும், இது அதுவும் இல்லை. நாளைக்கு மரங்கொத்தியை அனுப்பி இடிச்சுடறேன். இந்தாங்க நோட்டீஸ்.”

வீட்டுக்காரர் நோட்டீஸைக் கையில் வாங்கினால்தான் இடிக்க முடியும். அதுவும் சங்க விதிதான். ஆனால் செங்கமலம் அந்த நேரத்தில் விதியையா யோசித்தது? பயத்தில் தலையையும் காலையும் சடக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆராவமுதன் அலகால் ஓட்டைத் தட்டினார். “அம்மா! அம்மோவ்!”

“வீட்ல யாரும் இல்லைங்க” என்றது உள்ளேயிருந்து ஒரு நடுங்கும் குரல்.

எதையும் முறைப்படி செய்கிற மனிதர், அதாவது கொக்கு. ‘உரிமையாளர் வீட்டில் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நோட்டீஸின் பின்பக்கமே எழுதி, ‘கையெழுத்து, ஆராவமுதன்’ என்று கையெழுத்தும் போட்டார். எப்படியும் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். காத்திருக்கக் கொக்குக்குச் சொல்லித் தரவேண்டுமா என்ன!

வெயில் ஏறியது. காவலாளி தவசி ரோந்து வந்தது. நல்ல நாய், சொன்னதைச் செய்யும். தெருவில் ஸ்டிக்கர் இல்லாமல் எது வெகுநேரம் நின்றாலும் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லியிருந்தார்கள். பூட்டிவிட்டது.

“டேய், நான் செயலாளர்டா!”

“தெரியும் சார். ஸ்டிக்கர் எங்க?”

“சரி, திறந்து தொலை!”

“எந்த வீட்டு வாசல்ல நின்னீங்களோ, அந்த வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடணும் சார். நீங்க கொண்டுவந்த விதிதானே?”

ஆராவமுதனுக்கு வேறு வழியில்லை. ஓட்டருகே குனிந்து குழைந்தார். “அம்மா, தாயே, ஒரே ஒரு கையெழுத்து...”

“போடணும்னு ஆசைதான் சார்” என்றது குரல். இப்போது அதில் நடுக்கம் கொஞ்சமும் இல்லை. “ஆனா நான்தான் வீட்ல இல்லையே! நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்களே!”

மண்டை பிளக்கிற வெயில். தொண்டை வறண்டுவிட்டது. ஆராவமுதன் இப்படியும் அப்படியும் பார்த்தார். நோட்டீஸை நாலாக மடித்தார். கெண்டை மீனை விழுங்குகிற மாதிரி லபக்கென்று விழுங்கினார்.

மெதுவாக ஒரு தலை வெளியே வந்தது.

“அடடே, செயலாளர் சாரா! இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். காபி சாப்பிடறீங்களா?”

நீதி: இரண்டு வீடு உள்ளவர்கள், சங்கத்து ஆள் வரும்போது இரண்டிலும் இல்லாமல் இருப்பது உத்தமம்.