பொம்மைக்கு முளைத்த மூளை

நல்லூரில் திடீரென்று எல்லோருக்கும் மூளை வளர ஆரம்பித்துவிட்டது! அதுவும் செவ்வாய், வெள்ளி மட்டும். அன்றுதான் 'ஸ்டெம்செல் சித்தர்' கன்னையன் கடை திறப்பார். உடம்பில் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் உருத்திராட்சம். ஷிப்ட் முடிந்த பனியன் கம்பெனிக் கூட்டம் தெருமுனைவரை நிற்கும்.

காதில் எண்ணெய் விடுவார். மந்திரம் முணுமுணுப்பார். சின்னக் கம்பியால் காதைக் குடைந்து, வந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்து டிவியில் காட்டுவார். கொடி கொடியாய் இழைகள்!

"பாருங்க! மூளையில ஸ்டெம்செல்லுங்கற குருத்தணு பிரிஞ்சு புது நரம்புசெல் முளைச்சிருச்சுங்க!"

நீலத் துணி தைத்தவர்களுக்கு நீல நரம்பு. சிவப்புத் துணி தைத்தவர்களுக்குச் சிவப்பு நரம்பு. ஆர்டர் மாறினால் அறிவும் கலர் மாறும் என்று நினைத்தார்களோ என்னவோ, காசை நீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

தேனியிலிருந்து தையல் வேலைக்கு வந்த சின்னத்தாய், பக்கவாதம் வந்த புருஷன் மொக்கைச்சாமியைக் கூட்டிவந்திருந்தாள். மாத்திரையும் கைப்பயிற்சியும் புதுச் செல்லைக் கொன்றுவிடும் என்று சித்தர் சொன்னாராம். இரண்டையும் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் கீர்த்தனா, அவர்களைத் தேடி அங்கேயே வந்துவிட்டாள். டிவியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனவள், ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பினாள்.

"எங்க மாமா காதுல எடுத்ததுங்க சாமி. அவரால நடக்க முடியாதுங்க."

டிவியில் மஞ்சள் இழைகள் மின்னின. சித்தர் துள்ளினார். "அடேங்கப்பா! உங்க மாமா பெரிய மேதைங்க!"

"அப்படிங்களா? இருங்க, தூக்கிட்டு வர்றேன்."

பக்கத்துக் கடை வாசலில் மஞ்சள் டீசர்ட் போட்டு நின்ற பிளாஸ்டிக் பொம்மையை அணைத்துத் தூக்கிவந்தாள். கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"பொம்மைக்கும் ஆன்மா உண்டுங்க..." என்று இழுத்தார் சித்தர்.

"பனியன் பஞ்சு உண்டுங்க! இதோட டீசர்ட்டுல சுரண்டினதைத்தான் கொண்டாந்தேன். நம்ம காதுலயும் அதேதான். ஸ்டெம்செல் புது நரம்புசெல்லை உண்டாக்கறதை எலி மூளையில நல்லாவே பாத்திருக்காங்க. வளந்த மனுசனுக்கு எவ்வளவு வருதுன்னு விஞ்ஞானிங்களே இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. வந்தாலும் மண்டைக்குள்ளதானுங்க இருக்கும், காது வழியா எட்டிப் பாக்காது!"

சித்தர் பின்கதவு வழியாகப் பாய்ந்தார். உருத்திராட்சம் கொக்கியில் மாட்டி அறுந்தது.

"நானே அவருக்குக் கேடு பண்ணிட்டனே தாயி!" என்று அழுதாள் சின்னத்தாய்.

"அழுவாதீங்க அக்கா. இப்பவே டாக்டரைப் பாக்கலாம் வாங்க."

மொக்கைச்சாமி பக்கவாதத்தில் விழுந்துபோன தன் வலது கையை மெல்ல மெல்ல நீட்டி, டிவியை அணைத்தார். பயிற்சியில் பழகிய கை அது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் அந்தப் பொம்மையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஐயா, பொம்மைக்குத் தலை காலி, அதன்மேல் குற்றமில்லை. உங்களுக்கு என்ன கேடு? கொஞ்சம் யோசியுங்கள்!