காறை எலும்புப் பட்டிமன்றம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அழைக்கிறேன், இருந்தவர்கள் அனைவரும் எதிர்த்தரப்புச் சாட்சிகளாகிவிட்டார்கள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன் (சொல்லாமல் இருக்க முடியாது, அதுதானே நோய்). புதுக்கோட்டையில் பள்ளிக் காலம் முதலே நான் மேடைப் பேச்சாளன். பட்டிமன்றத்தில் எந்த அணியில் அமர்த்தினாலும் அந்த அணிக்காக உயிரை விடுவேன். மறுவாரம் எதிரணியில் அமர்த்தினால் அங்கேயும் அதே உயிரை விடுவேன். நான் வென்ற கோப்பைகளுக்கு இடம் வேண்டி அம்மா மிக்சியை அலமாரியிலிருந்து தரைக்கு இறக்கினார். இத்தனை பெருமையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, மருத்துவத் துறைக்கான அடிப்படைப் படிப்புக்காக இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து சேர்ந்தேன்.

அந்நகரின் சீசா என்னும் பகுதியில், சிவம் அண்ணன் வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அண்ணனும் அவர் மனைவி பவளம் அக்காவும் கிளிநொச்சிக்காரர்கள், ‘ஆமாம்’ என்பதை ‘ஓம்’ என்பவர்கள். அண்ணனுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. அக்கா, வயதான ஒரு சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மையாரை, குளிப்பாட்டி, உடுத்தி, உணவூட்டிப் பார்த்துக்கொள்கிறார். அவர்கள் இத்தாலிய மொழியைப் படித்தவர்கள் அல்லர், அதில் வாழ்ந்தவர்கள். நான் படித்தவன். (வேறுபாடு பின்னால் விளங்கும்.)

முதலாண்டு முடிவதற்குள் ஒரு தேர்விலாவது தேறினால்தான் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது இந்நாட்டில் தங்கும் அனுமதிச் சீட்டை, புதுப்பிப்பார்கள். வேதியியல் என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. எஞ்சியது உடற்கூறியல் ஒன்றே. அதிலும் தவறினால் புதுக்கோட்டைக்குப் பயணச் சீட்டு எடுக்க வேண்டியதுதான்.

ஆயினும் நான் அஞ்சவில்லை. காரணம், அது வாய்மொழித் தேர்வு! கதவு திறந்திருக்கும், விரும்பியவர் வந்து அமரலாம். பேராசிரியர் கேட்பார், மாணவன் பேசுவான். இப்படி ஒரு தேர்வை எனக்கென்றே வகுத்த நாட்டை நெஞ்சார வாழ்த்தினேன்.

“ஆரும் வந்து இருக்கலாமோ?” என்றார் அக்கா.

“யாரும் வரலாம், அக்கா. அவை நிறைந்தால்தான் எனக்குப் பேச்சு வரும்.”

“அப்ப நாங்களும் வாறம். சிஞ்ஞோராவிட்டை அரைநாள் லீவு கேக்கிறன்.”

“எப்ப கை தட்டவேணும் எண்டதையும் சொல்லிப்போடு,” என்றார் அண்ணன்.

சொன்னேன், வாசகரே. என் குரல் தாழ்ந்து, பிறகு உயரும்போது தட்ட வேண்டும் என்று அந்த இரு அப்பாவிகளுக்கும் பயிற்சியே கொடுத்தேன்.

இதயத்தைப் பற்றிப் பன்னிரண்டு நிமிட இத்தாலியச் சொற்பொழிவு ஒன்றை எழுதி மனப்பாடம் செய்தேன். மாடி முகப்பில் நின்று முழங்கினேன். எதிர்வீட்டுச் சிஞ்ஞோரா “பாஸ்தா!” என்று கத்திப் பலகணியைச் சாத்தினார் (போதும் என்று பொருள், நான் அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்தேன்). கபோ சந்தையில் மீன் விற்பவரின் குரலைக் கேட்டபோது மட்டும் சற்றுப் பொறாமை வந்தது.

“தம்பி, இருதயத்தைத் தவிர வேறை ஒண்டும் கேக்க மாட்டினமோ?” என்றார் அக்கா ஒருநாள்.

“கேட்கட்டும், அக்கா. எந்தத் தலைப்பிலிருந்தும் இதயத்துக்கு ஒரு வழி உண்டு.”

அந்த நாளும் வந்தது. அண்ணனின் கலியாணக் கோட்டு என் உடலில். அண்ணனும் அக்காவும், ஒரு பை நிறைய அக்கா பொரித்த ரோல்ஸோடு, மூன்றாம் வரிசையில். சுற்றிலும் முறைக்குக் காத்திருக்கும் மாணவர்கள். பேராசிரியர் மெலிந்த அம்மையார்; கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் அவைவணக்கம் சொல்ல வாயெடுக்கும் முன்பே, ஒரு சாண்கூட இல்லாத, இலேசாக வளைந்த எலும்பு ஒன்றை என் கையில் வைத்தார்.

“இது என்ன?”

“காறை எலும்பு, கழுத்தடியிலிருந்து தோள்வரை போவது,” என்றேன். சரிதான். அத்தோடு நின்றிருக்கலாம்; ஆனால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“தெஸ்த்ரா ஓ சினீஸ்த்ரா?” வலப்பக்கத்து எலும்பா, இடப்பக்கத்து எலும்பா?

இதை எப்படி விளக்குவேன்? ‘இதுவா, அதுவா’ என்று முடியும் எந்த வாக்கியமும் என் செவிக்கு வினா அன்று, தலைப்பு.

கை தானாக உயர்ந்தது. எலும்பு ஒலிவாங்கியாக மாறி வாய்க்கு நேரே வந்து நின்றது. “வலக்கை அல்லவா உழைக்கும் கை! சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் பழத்தைப் பறிக்கும் கை எது?” என்று வலப்பக்க அணிக்காக முழங்கினேன். பேராசிரியரின் ஒரு புருவம் உயர்ந்தது. எதிரணியையும் கேட்க விரும்புகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டு இடப்பக்கம் தாவினேன். “ஆனால், இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?”

வழி கிடைத்துவிட்டது! மனப்பாடம் மடை திறந்து பாய்ந்தது. அறைகள், கதவுகள், தமனிகள், சிரைகள். என் குரல் தாழ்ந்தது, பிறகு உயர்ந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து இடிபோல் கைதட்டல். மண்டபமே திரும்பிப் பார்த்தது. “விடாதை தம்பி!” என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். நான் விடவில்லை. நடுவராகவும் நானே மாறித் தீர்ப்பை வழங்கினேன்:

“ஆகவே, மனிதனுக்கு இரண்டுமே தேவை.”

கைதட்டலை எதிர்பார்த்துத் தலை வணங்கினேன்.

“முடிந்ததா?” என்றார் பேராசிரியர். “அங்கே கை தட்டியவர்கள் யார்?”

“என் குடும்பம்,” என்றேன். அன்று நான் மேடைக்காக அல்லாமல் பேசிய முதல் இத்தாலியச் சொற்கள் அவை.

அவர் மூன்றாம் வரிசையைச் சற்று நேரம் பார்த்தார். அக்கா தட்டிய கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: “இப்போது வாயை மூடு. எலும்பை உன் தோளில் வைத்துப் பார்.”

வலத் தோளில் வைத்தேன். வளைவு முரண்டு பிடித்தது. இடத் தோளில் வைத்தேன். தன் வீட்டுக்கு வந்ததுபோல் படுத்துக்கொண்டது.

“சினீஸ்த்ரா,” என்றேன்.

அடுத்த எலும்பு வந்தது. பெயர், பக்கம். அதற்கடுத்தது. பெயர், பக்கம். தொட்டேன், திருப்பினேன், என் உடம்போடு ஒத்துப் பார்த்தேன், ஒற்றைச் சொல்லில் விடை சொன்னேன். அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முடிவில் பேராசிரியர் முப்பதுக்குப் பதினெட்டு என்று எழுதினார். தேறுவதற்கு அதைவிடக் குறைந்த மதிப்பெண் இல்லை.

“பதினெட்டும் நீ பேசாமல் இருந்த நேரத்துக்கு,” என்றார்.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. என் பெருமைக்குத்தான் இன்றுவரை அனுமதி கிடைக்கவில்லை. வீட்டில் “சோறோ, புட்டோ?” என்று கேட்டால், “மனிசருக்கு ரெண்டும் தேவை,” என்பதே விடை. சாம்பார் வைத்தால் அண்ணன் முருங்கைக்காய்த் துண்டை என் வாய்க்கு நேரே நீட்டுகிறார். அக்கா பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராகூட, காப்பியா தேநீரா என்று கேட்டால் அந்தத் தீர்ப்பையே இத்தாலிய மொழியில் வழங்குகிறாராம்.

ஆனால், வீடு திரும்பிய பேருந்தில் நான் கொடுத்த வாக்கை மட்டும் அவர்கள் ஊருக்குச் சொல்லும் கதையில் விட்டுவிடுகிறார்கள். அதற்குத்தான், வாசகரே, நீங்கள் சாட்சி.

அக்கா ஒரு ரோல்ஸை என் கையில் வைத்தார். “தம்பி, ஒண்டு கேக்கட்டே? இனிமேல் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுவியோ?”

மூன்று காரணங்களும் ஓர் உவமையும் என் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அண்ணன் இரு கைகளையும் தட்டத் தயாராக விரித்து வைத்துக்கொண்டார். பயணிகள் அனைவரும் கேட்கும்படி, அவர்கள் வீட்டுத் தமிழிலேயே சொன்னேன்:

“ஓம், அக்கா.”