பானையோடு ஃபயர்பிளேஸ் வாங்கப் போனவர்

லண்டனில் குளிர் எல்லாருக்கும் பொது. குளிரண்ணைக்கு மட்டும் அது சொந்தப் பகை. வேலியைத் தள்ளிப் போட்டுக் காணி பிடித்தவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பார்.

ஆடி மாதம். வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் கிடப்பார்கள். குளிரண்ணை காதை மூடுகிற மங்கித் தொப்பியோடு குப்பை வைக்க வருவார்.

"தம்பி, உந்த வெயிலை நம்பாதை. நடிக்குது."

அவருடைய உண்மையான பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தபால்காரனுக்குத் தெரிந்திருக்கலாம். அவருடைய மனைவியைக் குளிரக்கா என்போம். அந்த மனுசிக்கு மார்கழியிலும் வேர்க்கும். கையில் விசிறி இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஆனாலும் குளிரக்காதான். சனம் பேர் வைத்தால் வைத்ததுதான்.

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் இரண்டு வீடும் ஒட்டியவை. பழைய காலத்துச் செங்கல் வீடுகள். நடுவில் ஒரே சுவர். அந்தக் காலத்தில் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக இரண்டு ஃபயர்பிளேஸ், சுவருக்குள் நெருப்பு எரிக்கிற கூடுகள், இருந்தன. வீடு வாங்கியதும் என்னுடையதை உடைத்து எறிந்தேன். பள்ளத்தை அடைத்துச் சாமித் தட்டு அடித்தேன். எங்கள் ஆட்கள் கனபேர் அப்படித்தான். நெருப்பு இருந்த இடத்தில் பிள்ளையார் இருப்பார். குளிரண்ணை வீட்டில் முன்பு இருந்தவர்கள் கல் வைத்துப் பூசி விட்டிருந்தார்கள்.

எனக்குக் குளிர் ஒரு பேச்சே இல்லை. குளிர்க் கிடங்கில் இரவு ஷிப்ட் வேலை. உறைந்த மீன் பெட்டி தூக்குவது. குளிருது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருதரம் சொல்லத் தொடங்கினால் பிறகு அந்த வேலை செய்ய ஏலாது.

என்னிடம் பெரிய படிப்பில்லை. பேச்சும் இல்லை. ஒன்று இருந்தது. பொங்கல். தெருவில் உள்ள எங்கள் ஆட்கள் எல்லாரும் பொங்கலுக்கு என் வீட்டுப் பின்வளவுக்குத்தான் வருவார்கள். தை மாதம், மழை, மேலே மழை படாமல் ஒரு தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருப்பேன். மூன்று கல்லு, ஒரு பானை. எப்போது அரிசி போடுவது, எப்போது விறகை இழுப்பது என்று நான் சொல்லுவேன். கணக்காளரும் கேட்பார். டொக்டரும் கேட்பார். வருடத்தில் ஒருநாள்.

அதைத்தான் குளிரண்ணை கொண்டுபோகப் பார்த்தார்.

ஒரு பொங்கலன்று மழை அடித்து ஊற்றியது. குளிரண்ணை இரண்டு கம்பளி ஜம்பர், ஒரு கோட்டு, மேலே போர்வை என்று மூட்டை மாதிரி நின்றார். பானையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

"தம்பி, உந்தச் சிம்னி சும்மாதானே நிக்குது?"

"ஓமண்ணை."

"வீட்டுக்குள்ள நெருப்பு வைக்க வெள்ளைக்காரன் வழி விட்டிருக்கிறான். நாங்கள் வெளியில நிண்டு நனையிறம். மடையர் நாங்கள்."

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தப் பித்து. அடுத்த பொங்கல் தன் வீட்டு ஃபயர்பிளேஸில்தான் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டார். என் அடுப்புக்கு முன்னால் நின்றே சொன்னார். சனமும் நனைந்துகொண்டு கைதட்டியது.

முதலில் பார்த்துப் பழக வேண்டும் என்றார். எங்கே பார்ப்பது? விற்பனைக்கு விட்ட வீடுகளில். வாங்க வந்த ஆட்கள் மாதிரி போனோம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"முகத்தைப் பணக்காரன் மாதிரி வைச்சிரு."

"எப்பிடியண்ணை?"

"ஒண்டும் பிடிக்காத மாதிரி. உனக்கு அது லேசு."

உள்ளே போனதும் நேராக ஃபயர்பிளேஸ். முழங்காலில் நின்று தலையை உள்ளே விட்டார். மேல்நோக்கி "ஹூ" என்று கூவினார். கரி கொட்டியது. வீடு காட்ட வந்த ஏஜென்ற் பொடியன் மேலே படுக்கை அறைகளைப் பார்க்கவில்லையா என்று கேட்டான்.

"நோ, நோ. வீ ஆர் நொட் சிலீப்பிங்," என்றார் குளிரண்ணை.

அந்த ஏஜென்ற் பிறகு எங்களைக் கண்டால் கதவைத் திறக்கவில்லை.

பழைய வீடுகளில் இருந்து கழற்றிய சாமான் விற்கிற ஒரு இடத்துக்குப் போனோம். கதவு, குளியல் தொட்டி, சனம் இருந்து கும்பிடுகிற தேவாலயத்து வாங்கு எல்லாம் மழையில் கிடந்தன. இரும்பு ஃபயர்பிளேஸ்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன. குளிரண்ணை கையில் பொங்கல் பானை. பித்தளை. வாயில் வெள்ளைத் துணி கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எந்தக் கூட்டுக்குள் பானை இருக்குமோ அதுதான் வாங்குவார். வடிவு, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

கடைக்காரக் கிழவன் பானையைப் பார்த்தான். துணியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். குரலைத் தாழ்த்தி, அது யார் என்று கேட்டான்.

செத்த ஆரோ ஒருவரின் சாம்பல் என்று நினைத்துவிட்டான்.

குளிரண்ணைக்கு விளங்கவில்லை. "மை வைஃப்ஸ்," என்றார். மனைவியின் பானை என்று சொல்ல வந்தவர்.

கிழவன் அவருடைய தோளில் கையை வைத்தான். தேநீர் போட்டுக் கொடுத்தான். குளிரண்ணை பானையை ஒவ்வொரு இரும்புக் கூட்டுக்குள்ளும் வைத்து வைத்து எடுத்தார். ஒன்று ஒடுக்கம். ஒன்று சரிவு. ஒவ்வொருதரமும் கிழவன் கண்ணைத் துடைத்தான். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. இரண்டு பக்கமும் பச்சை ஓடு, ஓட்டில் மஞ்சள் பூ. பானை உள்ளே போய்க் குந்தியது.

"இவவுக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்று பானையைத் தட்டினார்.

கிழவன் பாதி விலைக்குக் கொடுத்தான். நான் வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு ஒருவனும் பாதி விலைக்கு ஒன்றும் தந்ததில்லை.

பூசிய கல்லைத் தானே உடைப்பேன் என்று சம்மட்டி எடுத்தார். அவர் அங்கே ஓங்கி அடிக்க, இங்கே என் சாமித் தட்டில் இருந்து பிள்ளையார் விழுந்தார். ஓடிப்போனேன். குளிரண்ணை கரியில் குளித்து நின்றார். பல்லு மட்டும் வெள்ளை.

"அண்ணை, எங்கட பிள்ளையார் விழுந்திட்டார்."

"அவரிட்ட எலி நிக்குது. ஏறி வருவார். நீ இந்தக் கல்லைப் பிடி."

பிடித்தேன்.

புகைபோக்கிக்குள் குழாய் இறக்கி ஃபயர்பிளேஸைப் பொருத்த ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அனுமதி எடுத்த ஆள். நல்ல வேலைக்காரன். முடித்துவிட்டுச் சுவரில் அடியில் ஒரு துவாரம் போட்டான். நெருப்புக்கு மூச்சு வேண்டும், இதை மூடாதே என்றான். புகை இல்லாத கரி மட்டும் எரி என்றான். நெருப்பு எரியும்போது குசினிப் புகையை இழுக்கிற விசிறியைப் போடாதே என்றான். உள்கூரையில் புகை அலாரம் பூட்டினான். குளிரண்ணை எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார்.

அவன் போனதும் துவாரத்துக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, பாத்தியே. காசும் வாங்கிக் குளிருக்கு வாசலும் வைச்சிட்டுப் போறான்."

அன்றைக்கே ஒரு பழைய ஜம்பரை அதற்குள் அடைத்தார்.

என் மனைவி யோகம் பார்க்கப் போனாள். போன ஆள் வரவில்லை. வந்தபோது கன்னம் சிவந்திருந்தது.

"இஞ்சருங்கோ, என்ன வடிவு தெரியுமே? ராணி வீடு மாதிரிக் கிடக்கு."

"ம்."

"எங்களுக்கும் இருந்ததுதானே. நீங்கள்தானே உடைச்சு எறிஞ்சியள்."

நான் சாப்பிட்டேன். பாதிச் சோற்றோடு எழும்பினேன்.

அதோடு முடியவில்லை. என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு தேநீரோடு எழும்பி, அங்கால் போய் இரண்டு மணித்தியாலம் இருந்தார்கள். செவன் கிங்ஸில் இருந்து என் சொந்த மச்சான் போன் எடுத்தான். "அத்தான், உங்கட வீடு அந்த ஃபயர்பிளேஸ் வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே?" என்றான். நான் என் வீட்டுக்குக் காசு கட்டி முடித்தவன். அது இப்போது பக்கத்து வீடு.

தைப்பொங்கல் வந்தது. மழையும் வந்தது. நான் வழமைபோலப் படங்கு கட்டினேன். கல்லு வைத்தேன். பானை வைத்தேன். ஒருவரும் வரவில்லை. யோகம் பட்டுச் சேலையோடு குடையின் கீழ் நின்றாள்.

"நான் ஒருக்கா அங்கால எட்டிப் பாத்திட்டு வாறன்."

"போ."

அவளும் போய்விட்டாள். வேலிக்கு அங்கால் சிரிப்புக் கேட்டது. வடை பொரிகிற வாசம் வந்தது. டொக்டர் ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். டொக்டர் என் வளவில் ஒருநாளும் பகிடி விட்டதில்லை. என் விறகு நனைந்திருந்தது. ஊதினேன். புகைந்தது. கண் எரிந்தது. புகைதான்.

அங்கே நடந்ததைப் பிறகு யோகம் சொன்னாள். வெள்ளைக்காரன் சொன்ன கரி பொங்கலுக்கு ஆகாது என்று குளிரண்ணை வருடம் முழுக்கச் சேர்த்த சிரட்டையையும் தேங்காய்ப் பொச்சையும் போட்டிருக்கிறார். துவாரத்தில் ஜம்பர். குளிர் வராமல் ஜன்னல் நீக்கல் எல்லாம் ஒட்டுநாடா போட்டிருக்கிறார். குசினியில் குளிரக்கா வடை போடுகிறா. வேர்க்கிற மனுசி, புகை இழுக்கிற விசிறியை முழு வேகத்தில் போட்டா. விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தது. வெளிக்காற்று உள்ளே வர வேறு வழியில்லை. புகைபோக்கியால் வந்தது. பொச்சுப் புகை முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தது.

எனக்கு முதலில் கேட்டது அலாரம். மேளம் கொட்டுகிற நல்ல நேரத்துக்குச் சரியாக அடித்தது. பின்கதவு திறந்தது. புகை வந்தது. புகைக்குப் பின்னால் சனம் வந்தது. டொக்டர் மூக்கைப் பொத்திய சீலைத் துண்டோடு, கணக்காளர் ஒற்றைச் செருப்போடு. யோகத்தின் பட்டு சாம்பல் நிறம். குளிரக்கா வடை பொரித்த தாச்சியை விடவில்லை. எல்லாரும் வேலி இடுக்கால் என் வளவுக்குள் வந்து படங்கின் கீழ் நின்று இருமினார்கள்.

நான் என் பானையைப் பார்த்தபடி நின்றேன். அவ்வளவு சந்தோசம் எனக்குக் கலியாணத்தன்றும் இல்லை.

கடைசியாகக் குளிரண்ணை வந்தார். மங்கித் தொப்பி இல்லை. மழையில் மொட்டைத் தலை. சாரத் துண்டால் பானையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பால் பொங்கவில்லை. எனக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, அடுப்பில இடம் இருக்கோ?"

சனம் என்னைப் பார்த்தது. மூன்று கல்லில் ஒரு பானைதான் இருக்கும். அது அவருக்கும் தெரியும். இல்லை என்று ஒரு சொல்லுப் போதும். அந்த வருடம் முழுக்க அந்தச் சொல்லைத்தான் வாய்க்குள் வைத்திருந்தேன்.

அவர் நெருப்புக்குக் கிட்ட இன்னும் ஒரு அடி வந்தார். பானைக்காக இல்லை. குளிர்.

என் பானையை இறக்கினேன். "வையுங்கோ," என்றேன்.

பொங்கியது. கிழக்குப் பக்கமாக, வடிவாக வழிந்தது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினார்கள். என் அடுப்பில், அவருடைய பானை. அதுவும் எனக்கு எரிச்சல். பிறகு என்னுடையதை ஏற்றினேன். அது பொங்கியபோது சனம் வடை தின்றுகொண்டிருந்தது. குளிரண்ணை மட்டும் தொண்டை கிழியக் கத்தினார்.

அதன் பிறகு ஜம்பரைத் துவாரத்தில் இருந்து உருவித் தானே போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரன் சொன்ன கரிதான் எரித்தார். ஃபயர்பிளேஸ் ஒழுங்காக எரிந்தது. பொங்கல் என் வளவில், நெருப்பு அவர் வீட்டில் என்று ஆனது. என் பொறாமை மட்டும் அணையவில்லை. ஏனென்றால் மனுசன் விடியக் காலமை ஆறு மணிக்கு மூட்டுவார். யார் அந்த நேரம் நெருப்புக் காய்வது? எனக்குக் காட்டத்தான் என்று நினைத்தேன்.

அந்த நேரம்தான் நான் ஷிப்ட் முடிந்து வருவேன். தேநீரை எடுத்துக்கொண்டு சாமித் தட்டுக்குக் கீழே நிலத்தில் இருப்பேன். முதுகைச் சுவரில் சாய்ப்பேன். சுவர் இளஞ்சூடாக இருக்கும். பிள்ளையார் மேலே, நான் கீழே. எரித்துத் தள்ளுகிறான் மனுசன், கரிக்கு விலை தெரியாதவன் என்று மனதுக்குள் ஏசுவேன். தேநீர் முடியும் மட்டும் ஏசுவேன். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் இருப்பேன்.

போன வருடம் குளிரண்ணையும் குளிரக்காவும் வீட்டை விற்று மோர்டனில் மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். புது ஃபிளாட். வந்தவர்கள் இளம் ஆட்கள். ஃபயர்பிளேஸுக்குள் ஒரு பூச்சட்டி வைத்திருக்கிறார்கள்.

போன கிழமை குளிரண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, இஞ்ச நிலமெல்லாம் சூடு. சுவிச்சைப் போட்டால் காணும். மூட்டிறதுக்கு ஒண்டுமில்லை. என்ன சீவியம் இது."

"அண்ணை, ஒண்டு கேக்கவோ? ஏன் விடிய ஆறு மணிக்கு மூட்டினனீங்கள்?"

"நீ வாற நேரம் அதுதானே."

நான் போனைப் பிடித்துக்கொண்டு சாமித் தட்டுக்குக் கிட்டப் போனேன்.

"ராத்திரி முழுக்க ஐஸுக்குள்ள நிண்டிட்டு வாறாய். வாய் திறந்து ஒண்டும் சொல்லமாட்டாய். சுவரோட முதுகைக் குடுத்துக்கொண்டு இருக்கிறாய் எண்டு யோகம் சொன்னவ. மூட்டிப்போட்டு நான் திரும்பப் போய்ப் படுத்திடுவன். எனக்கென்ன, போர்வை கிடக்கு." பிறகு கேட்டார். "இப்ப சுவர் எப்பிடி?"

சுவரில் கையை வைத்துப் பார்த்தேன்.

"குளிருதண்ணை," என்றேன்.

மறுபக்கம் கதிரை நகர்ந்த சத்தம். தொப்பியை இழுத்து விட்டிருப்பார். பிறகு கத்தினார்.

"அப்ப என்னத்துக்கடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிள்ளையாரை அங்கால தூக்கி வை. ஞாயிற்றுக்கிழமை பானையோட வாறன், உனக்கொரு ஃபயர்பிளேஸ் பாப்பம்."

யோகம் பிள்ளையாருக்கு ஜன்னல் பக்கம் இடம் பார்த்துவிட்டாள். நெருப்பு வைத்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் சும்மா சூடு போகுமே என்றாள்.

போகட்டும் என்றேன்.