எட்டரை சாரின் கடல்

மைசூரில் ஊதுபத்தி வாசமே படாத வீடு ஒன்று உண்டென்றால், அது எங்கள் தெரு எட்டரை சார் வீடுதான். அவர் மனைவி லலிதாம்மா பெருமாளுக்கு ஊதுபத்தி காட்ட வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே போய் நின்று, உள்ளே இருக்கும் பெருமாளைப் பார்த்துச் சுற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய முடியும். காரணம், அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருந்தது.

கடல் என்றால் ஆறடிக் கண்ணாடித் தொட்டி. புகையே ஆகாத உப்புத் தண்ணீர், நாலைந்து மீன், நடுவில் உயிருள்ள பவளங்கள். அதில் ஊதா நிறத்தில் ஒன்று, விரல் நுனி அளவுத் துண்டாக வந்து, ஏழு வருஷத்தில் காலிஃபிளவர் அளவுக்கு வளர்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் போட்டோவைவிட அதன் போட்டோதான் அவர் போனில் அதிகம்.

தண்ணீரின் காரத்தன்மை எட்டரையில் நிற்க வேண்டும், அதுதான் அவர் வேதம். அதை வைத்துத்தான் பவளம் உடம்பைக் கட்டிக்கொள்கிறதாம். குறைந்தால் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுவார். ஒருமுறை ஐந்து கிலோ கேட்டதும் கொங்குத் தமிழ் பேசும் மளிகைக்கடை அண்ணன் அசந்துபோய், "ஏனுங்க சார், பஜ்ஜிக் கடை போடறீங்களா?" என்றார்.

"கடலுக்குப்பா."

அண்ணன் கூடப் போயிருந்த என் முகத்தைப் பார்த்தார். நான் பருப்பு டின்னைப் பார்த்தேன்.

கொசுப் புகை அடிக்க ஆள் வந்தபோது, சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கேட்டை மறித்தார். "பேடப்பா, பேடா, வேண்டாம்! எங்க வீட்டுக் கொசுவ நாங்களே பாத்துக்கறோம்!"

இவ்வளவு கறாரான மனுஷருக்கு ஒரு குறை. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. காரத்தன்மை பார்க்கும் சோதனையோ, சின்னக் குழாயில் பச்சையாக இருக்கும் தண்ணீரில் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, அது இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்துவது. எத்தனை மருந்து செலவானதோ அதுதான் கணக்கு, முன்னாடியே நிறுத்தினால் குறைத்துக் காட்டும். லலிதாம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "உள்ள ஊதுபத்தி ஏத்த விடுங்க, கலர் சொல்றேன்."

அதனால் பக்கத்து வீட்டு நான் மாட்டினேன். தினமும் காலை ஏழு மணி. பவளத்துக்குச் சூரியனான தொட்டி விளக்கு எரிவதற்கு முன் பார்த்தால்தான் கணக்கு ஒழுங்காக வருமாம். எனக்கோ ஏழேகாலுக்கு நஞ்சன்கூடு கம்பெனி பஸ்.

அந்தத் திங்கட்கிழமை டிரைவர் தெரு முனையில் ஹாரன் அடித்துவிட்டார். குழாயில் தண்ணீர் இன்னும் பச்சைதான். "பிங்க் வந்தாச்சு சார்!" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"ஏழுதானா? அய்யய்யோ!" என்று அவர் சோடாவை எடுப்பது காதில் விழுந்தது. ருசி கண்டுவிட்டேன். செவ்வாயும் ஓடினேன், சனி வரை ஓடினேன். அவரும் தினம் ஊற்றினார்.

ஞாயிறு பஸ் இல்லை. நிதானமாகக் குனிந்து பார்த்தேன். எட்டு தாண்டியது, பத்து தாண்டியது, பன்னிரண்டில்தான் சிவந்தது. நிமிர்ந்தால், ஊதாப் பவளத்தின் நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.

"ஏழு எப்படிப்பா ஒரே ராத்திரில பன்னிரண்டாகும்? என் கைதான் சரியில்ல ரகு. ஏழு வருஷம் வளத்துட்டு நானே கொன்னுட்டேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், ஹாரன், ஆறு நாள் பொய், ஒன்று விடாமல்.

சோடா டப்பாவை மூடி அலமாரிக்குள் வைத்தார். பிறகு கேட்டார்: "சாயங்காலம் எத்தன மணிக்கு வருவே?"

"ஆறரைக்கு சார்."

மறுநாள் காலை என்னைக் கூப்பிடவில்லை. என் முகத்தில் விழிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். சோடாவை நிறுத்தினார், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். இரண்டு வாரம் லலிதாம்மாவையே கெஞ்சிக் கலர் கேட்டாராம். பவளம் பிழைத்துவிட்டது என்று லலிதாம்மாதான் மதில் மேல் எட்டிச் சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கினால் சார் கேட்டில் நிற்கிறார். "வா, டெஸ்ட் பண்ணணும்."

"விளக்கு போடறதுக்கு முன்னாடிதானே சார் பாக்கணும்?"

"இன்னும் போடல. விளக்கு போடற நேரத்தத் தினம் அரை மணி, அரை மணியாத் தள்ளிட்டேன். இனிமே கடல்ல ஏழு மணிக்கு விடியும், சாயங்காலம் ஏழு."

உள்ளே லலிதாம்மா முணுமுணுத்தார். "ராத்திரியெல்லாம் கூடத்துல வெளிச்சம்! கலர் சொல்ல ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"இருக்காங்க. ஆனா இவன்தான் பொய் சொன்னத வந்து சொன்னான்" என்றபடி சிரிஞ்சை எடுத்தார்.

சொட்டு விழுந்தது. கண் கலங்கியதில் பச்சையா சிவப்பா என்று எனக்கே தெரியவில்லை. "கொஞ்சம் இருங்க சார்" என்றேன்.

"மெதுவாப் பாரு. பஸ் எல்லாம் போயிடுச்சு."