எல்லை தாண்டிய பூ

"தம்பி, உங்க ஊதாப்பூ நாங்க துணி காயப்போடுற இடத்துக்கே வந்துடுச்சு."

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அக்காவின் தலை மட்டும் தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நடுற சர்வேயர் நீங்க. உங்க செடிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதா?"

"பார்த்துக்கறேன் அக்கா."

"பார்த்தது போதும். பிடுங்கிடுங்க."

"அது மட்டும் முடியாதுக்கா."

அவன் மனைவி இறந்து பதினோரு மாதம். அவள் துணிமணிகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டார். அவள் கைபட்டதென்று மிஞ்சியது இந்தச் செடிதான். ஞாயிறு காலை தவறாமல் ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் வழியே அவள் முதுகு தெரியும். ஒருநாளும் அவன் எழுந்து போய் அவளோடு உட்கார்ந்ததில்லை. பேப்பர் படிக்க வேண்டியிருந்தது.

அவள் இருந்தவரை செடி ஒரு மூலையில் அடக்கமாக இருந்தது. போனபின்தான் கிளம்பியது. அவளைத் தேடுகிறது என்று நினைத்துக்கொண்டான். பட்டப்படிப்பு படித்தவன்தான்.

முதலில் மதிலோரம் நூல்பிடித்துப் பள்ளம் வெட்டினான். மண்வெட்டி பட்டு வேர் பத்துத் துண்டானது. இரண்டு வாரத்தில் பத்தும் முளைத்தன, அதே நூல் பிடித்த மாதிரி வரிசையாக.

அவற்றைத் தொட்டிகளுக்கு மாற்றிப் படிக்கட்டில் வைத்தான். வாடிவிடக் கூடாதே என்று உரமும் போட்டான். தொட்டியின் அடித்துளை வழியே வேர் இறங்கிப் படிக்கட்டும் பூத்தது.

அடுத்த ஞாயிறு வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். கேட் திறக்கவில்லை. செடி கீலைச் சுற்றியிருந்தது. தெருவில் நின்றபடியே சொன்னார்:

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும். சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க."

அவன் யோசிக்கவில்லை. வெளியே பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, ஒரு தொட்டியைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினான். மதிலுக்கு மேலே தலை முளைத்தது.

"என்ன தம்பி இது? ஒரு செடிக்காகவா வீட்டைக் காலி பண்றீங்க?"

"அவ வச்ச செடி அக்கா." தொட்டியைக் கீழே வைத்தான். "ஞாயித்துக்கிழமையானா இதோட உட்கார்ந்து பேசிட்டே இருப்பா. நான் எப்படிப் பிடுங்குவேன்?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தான். தோள் குலுங்கிய விதம் அப்படி இல்லை.

"பேசினாங்கதான். 'இந்தச் சனியன் யார் வீட்டுலேருந்து வந்துச்சோ, எவ்வளவு பிடுங்கினாலும் போக மாட்டேங்குதே அக்கா'ன்னு என்கிட்ட பேசினாங்க!"