பேட்டரியைப் பாத்தோம், சக்கரத்தைப் பாக்கல

சனிக்கிழமை. ஸ்கூல் லீவு. காரை சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய்க் காட்டணும். அவ்வளவுதான் சோலி.

கார்னா, எலெக்ட்ரிக் கார். வாங்கி ஒன்றரை வருஷம் ஆகுது. வாங்கின புதுசுல ஸ்டாஃப் ரூம்ல நான் பண்ணின அலப்பறை இருக்கே! "என்னது, இன்னுமா பெட்ரோல் போடுதீய?"ன்னு கேட்டுக் கேட்டே எத்தனை டீச்சருக்கு வயித்தெரிச்சலைக் கிளப்பினேனோ!

ஒரு மாசமா முன்பக்கத்து இடது சக்கரத்துல ஒரு சத்தம். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா 'கடக்'. இறங்கினா 'கடக் கடக்'.

எங்க வீட்டுல யாரும் அதைப் பெருசா எடுத்துக்கிடல. எங்க பயம் பூராவும் பேட்டரி மேலதான்.

காரணம், எங்க மாமா. வீட்டுக்காரரோட அப்பா. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எங்கயாவது எலெக்ட்ரிக் வண்டி தீப்பிடிச்சதா பேப்பர்ல வந்தா போதும், கத்தரிச்சு ஒரு ஃபைல்ல ஒட்டி வச்சிருவாரு. காலையில ஜெபம் முடிஞ்சதும் அந்த ஃபைலை வாசிப்பாரு. பழக்க தோசத்துல நாங்களும் "ஆமென்" சொல்லிருவோம்.

சார்ஜ் போட்டா பக்கத்துல ஒரு வாளி மண்ணு. டிக்கியில தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர். மணிக்கு ஒருக்கா மாமா வந்து பானெட்டைத் தொட்டுப் பாப்பாரு, காய்ச்சக்காரப் பிள்ளைக்கு நெத்தியைத் தொட்டுப் பாக்க மாதிரி.

பேட்டரி இருக்கது சீட்டுக்கு அடியில. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"எஸ்தரு, நானும் வாரேன்ட்டி. அந்த சர்வீஸ்காரங்கிட்ட நாலு கேள்வி கேக்கணும்"னு ஃபைலோட பின்சீட்டுல ஏறிட்டாரு.

சர்வீஸ் சென்டர் கங்கைகொண்டான் போற நாலுவழிச் சாலையில இருக்கு. ஏசி உண்டு. காப்பி உண்டு. டை கட்டின ஒரு சார் வந்து, காருக்குள்ள ஒரு வயரைச் சொருகி லேப்டாப்பைப் பாத்தாரு.

"ஒரு ஃபால்ட்டும் காட்டலயே மேடம்."

"சத்தம் கேக்குதே சார்!"

"அது வந்து மேடம்... பெட்ரோல் வண்டியில என்ஜின் சத்தம் மத்த எல்லாத்தையும் அமுக்கிரும். இதுல என்ஜினே இல்லல்லா? அதான் சின்னச் சத்தம்கூட பெருசா கேக்கு."

அதாவது, கார் ரொம்ப நல்லா இருக்கதாலதான் சத்தம் வருதாம்!

மாமா ஃபைலைத் தொறந்தாரு. "பேட்டரி எப்படி இருக்கு?"

"நூத்துக்கு நூறு சார்!"

மாமா ஃபைலை மூடிட்டாரு. முப்பத்தஞ்சு வருஷத்துல எந்தப் பிள்ளைக்கும் அவரு நூத்துக்கு நூறு போட்டது கிடையாது. அந்த மார்க்குக்கு மேல என்ன கேக்கதுன்னு அவருக்குத் தெரியல.

"வண்டியைத் தூக்கி அடியில ஒருக்கா பாருங்களேன்"னு நானாவது கேட்டிருக்கணும். கேக்கல. நான் கணக்கு டீச்சரு. பச்சைக் கலர்ல டிக் அடிச்சிருந்தா எதையும் நம்பிருவேன்.

"சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிவிட்டிருக்கேன் மேடம். இனி சும்மா ஜம்முன்னு போகும்"னு வழியனுப்பி வச்சாரு.

ஜம்முன்னுதான் போச்சு. நாலுவழிச் சாலையில எண்பதுல வாரேன். பின்னால ஒரு டாரஸ் லாரி ஒட்டிக்கிட்டே வருது. மாமா நிம்மதியா கீர்த்தனை பாடுதாரு.

பாளையங்கோட்டைக்குள்ள வந்தாச்சு. மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்பீட் பிரேக்கர். பைய ஏத்தினேன்.

'கடக்' வரல. 'டமார்'!

கார் இடது பக்கமா முட்டி போட்டுட்டு! சக்கரம் வெளிய திரும்பி, அதுக்கு மேல இருக்க தகர வளைவுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கி. முன்னால ஸ்கிரீன்ல மட்டும் 'அப்டேட் வெற்றிகரமாக முடிந்தது'ன்னு வந்துச்சு.

டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தாரு. "ஏம்மா, நடுரோட்டுல நிக்கீய! வண்டியை ஓரங்கட்டுங்க!"

எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. ஆக்சிலேட்டரை நல்லா அழுத்தினேன். கார் நகரல. மாட்டிக்கிட்ட டயர் மட்டும் உரசிச் சுத்த, புகை கிளம்பிட்டு.

அவ்வளவுதான்! பழக்கடை அண்ணாச்சி சத்தம் போட்டாரு: "ஏலே, இது கரண்டு காருல்லா! தள்ளிப் போங்கலே, வெடிச்சிரும்!"

ஒரு நிமிசத்துல தெருவே காலி. ஓடின பேரெல்லாம் பத்தடி தள்ளி நின்னு செல்போனை எடுத்துட்டாங்க. வெடிக்கும்னு பயமும் இருக்கு, வெடிக்காமப் போயிருமோன்னு கவலையும் இருக்கு.

நான் மாமாவை இழுத்து இறக்கிட்டு, டிக்கியில கிடந்த சிலிண்டரை எடுத்து, பின்னை உருவி, கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன் பாருங்க! புகையெல்லாம் போய், ஒரே வெள்ளைப் பொடி. பொடிக்கு நடுவுல யாரோ இருமுதாங்க.

மாமா!

"ஃபைலு உள்ள இருக்குட்டி! எடுக்க வந்தேன்!"

தீக்குப் பயந்து சேத்து வச்ச பேப்பரை எடுக்க, எரியுத காருக்குள்ள திரும்பிப் போயிருக்காரு மனுசன்! தலை, மீசை, சட்டை எல்லாம் ஒரே வெள்ளை. கண்ணு மட்டும் கறுப்பா முழிக்கி.

தீயணைப்பு வண்டியும் வந்துட்டு. பெரியவரு ஒருத்தர் இறங்கிச் சுத்திப் பாத்தாரு.

"பேட்டரிக்கு ஒண்ணுமில்லம்மா. டயர் ரப்பர்தான் புகைஞ்சிருக்கு. ஒண்ணு சொல்லுதேன், பேட்டரி தீப்பிடிச்சா இந்தச் சிலிண்டருக்கெல்லாம் அணையாது. மண்ணு, பொடி ஒண்ணும் வேண்டாம். இறங்கி ஓடிரணும். ஃபைலைத் தேடப்பிடாது."

கடைசி வரியை, கையில ஃபைலோட நின்ன மாமாவைப் பாத்துச் சொன்னாரு. அப்புறம் சக்கரத்தைப் பாத்தாரு.

"எங்கன இருந்து வாரீய?"

"நாலுவழிச் சாலையில இருந்து சார்."

"என்ன வேகம்?"

"எண்பது."

அவரு பின்சீட்டைப் பாத்தாரு. மாமாவைப் பாத்தாரு. அப்பதான் எனக்கு, பின்னால ஒட்டிக்கிட்டு வந்த அந்த லாரி ஞாபகம் வந்துச்சு. இது அங்க வச்சு உடைஞ்சிருந்தா? பிளாட்பாரத்துலேயே உக்காந்துட்டேன்.

உக்காந்தபடியே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன்.

"மேடம், சிஸ்டத்துல உங்க வண்டி நல்லாத்தானே காட்டுது?"

"அப்படியா சார்? அப்ப சிஸ்டத்துல ஏறி எங்க மாமாவை வீட்டுல இறக்கி விடுங்க!"

சர்வீஸ் சென்டர்ல இருந்து ஒரு வண்டி வந்து காரைத் தூக்கிட்டுப் போச்சு. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு நானும் மாமாவும் போனோம். டை கட்டின சார் வாசல்லேயே ஆரம்பிச்சுட்டாரு.

"நம்ம ஊரு ரோட்டுப் பள்ளம்தான் மேடம் காரணம். பெரிய அடி பட்டிருக்கு."

அந்நேரம் காருக்கு அடியில இருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வெளிய வந்தாரு. கையில உடைஞ்ச இரும்பு, சக்கரத்தைப் பிடிச்சிருக்க ஆர்ம். யாரு பக்கம் பேசணும்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல போல.

"இந்தா பாருங்கக்கா. உடைஞ்ச இடத்துல பாதி பளபளன்னு இருக்கு, பாதி துருப்பிடிச்சுக் கெடக்கு. இது அன்னைக்கு உடைஞ்சதில்ல. கீறல் விழுந்து ரொம்ப நாளாச்சு. தூக்கிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

டை கட்டின சார் டையைச் சரி பண்ணினாரு.

மாமா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவருகிட்ட நீட்டினாரு. "இந்த மெக்கானிக் தம்பி சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடும். தப்பில்லாம எழுதணும், என்ன?"

எழுதினாரு. காசு வாங்காம ரெண்டு பக்கமும் புது ஆர்ம் மாத்திக் குடுத்தாங்க.

மக்கா, கார் கரண்டுல ஓடுதோ, பெட்ரோல்ல ஓடுதோ... அதுக்கடியில குனிஞ்சு பாக்க ஒரு ஆளு இருக்காரான்னு மட்டும் கேட்டு வாங்குங்க.