டேர்போ ஐயரின் பெற்றோல் பம்ப்

தீவகத்திலேயே வேகமான காரை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போய்வந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை நாங்கள் டேர்போ ஐயர் என்றோம். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். கோயில் நோட்டீசில்கூட அதைக் கண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் அவர் பூசகர். நான் புளியங்கூடலில் இருந்து தினமும் படகேறி அங்கே கணக்குப் படிப்பிக்கப் போன வாத்தியார். கார் நின்றது கடலுக்கு இக்கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையடியில், ஒரு தகரக் கொட்டிலுக்குள். படகு வரும்வரை நானும் அங்கேதான். காரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நீள மெத்தை இருக்கை ஒன்று கிடக்கும். அதில் சாய்ந்துகொண்டு பேப்பர் வாசிப்பேன். என் வாழ்க்கையில் நடந்த பெரிய சம்பவங்கள் எல்லாம் மற்றவர்களுடையவை. அவற்றில் பாதியை அந்த மெத்தையில் இருந்துதான் பார்த்தேன்.

கார் வந்த காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயரின் மனைவிக்கு ஒரு நாள் மூச்சு முட்டியது. படகில் கொண்டுவந்து, இறங்குதுறையில் நின்ற செல்வத்தின் வாடகை வான் வண்டியில் ஏற்றினார்கள். புங்குடுதீவிலிருந்து வேலணைக்குக் கடலுக்குள்ளால் போகிற தாம்போதியின் நடுவில் வானின் பெற்றோல் பம்ப் செத்தது. சற்று நேரத்தில் அந்த அம்மாவும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஐயர்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு ஐயர் கொழும்புக்குப் போனார். யாரோ ரேஸ் ஓடிக் கெடுத்த டேர்போ கார் ஒன்றை லொறியில் ஏற்றி வந்தார். இனித் தீவாரில் ஒருவரும் பெற்றோல் வராமல் தாம்போதியில் சாகக்கூடாது, தானே ஏற்றிக்கொண்டு போவேன் என்றார். நாங்கள் தலையாட்டினோம். துக்க வீட்டுக்காரர் சொல்வதை யார் மறுப்பது?

“மாஸ்டர், டேர்போ எண்டால் என்ன தெரியுமோ உமக்கு?”

“தெரியாது, ஐயா.”

“இஞ்சினுக்கு மூச்சை அமத்தி ஊதுறது. மூச்சு கூடினால் அந்தளவுக்குப் பெற்றோலும் கூட வேணும். காத்து வந்து பெற்றோல் காணாமல் போச்செண்டால், வெக்கை ஏறிப் பிஸ்டன் உருகிப்போம். எண்ணெய்க்காப்பு மாதிரித்தான். தாரை அறக்கூடாது.”

தாரை அறாமல் இருக்கப் பம்பை மாற்றினார். பெரிய பம்ப் தள்ளிய பெற்றோலுக்குப் பழைய குழாய் போதவில்லை. குழாயை மாற்றியதும் பெற்றோலை விசிறுகிற இஞ்செக்டர்கள் போதவில்லை. திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்கள் மற்றவர்களுக்கு சொக்லற் கொண்டுவந்தார்கள், ஐயருக்கு இஞ்செக்டர். வளைவில் திரும்பும்போது தாங்கியில் பெற்றோல் ஒரு பக்கம் சாய்ந்து பம்புக்கு எட்டாமல் போகுமாம். அதற்காகக் காருக்குள்ளேயே இன்னொரு சின்னத் தாங்கி, அதற்கென்று இன்னொரு பம்ப். தாம்போதியில் ஒரு வளைவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லி, விளக்கம் கேட்டுப் படகைத் தவறவிட எனக்கு விருப்பம் இல்லை.

கோயிலில் அவரைச் சுற்றி எப்போதும் பெற்றோல் மணம். கற்பூரத் தட்டை அவர் தூக்கியதும் முன்வரிசை பக்தர்கள் கும்பிட்ட கையோடு பின்னுக்குப் போவார்கள்.

செல்வத்தோடு அவர் கதைப்பதை விட்டுவிட்டார். அந்த வானில் ஏறுவதுமில்லை, அதனால்தான் பஸ். வான் கொட்டிலுக்கு நேரெதிரே நிற்கும். இருவருக்கும் நடுவே தபால்காரன் நான்.

“மாஸ்டர், அந்த ஆளிட்டைச் சொல்லும், வானைக் கொஞ்சம் தள்ளி விடச் சொல்லி.”

“விட்டாச்செண்டு சொல்லுங்கோ, மாஸ்டர்.”

இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு நாய் படுக்கிற தூரம்.

இதற்கிடையில் படகில் நோயாளிகள் வந்தபடி இருந்தார்கள். ஐயர் ஓடி வருவார். காரைப் பார்ப்பார். “அமுக்கம் சரிபாக்கிற சாமான் இன்னும் வரேல்லை. அதில்லாமல் ஏத்தேலாது,” என்பார். நோயாளி வானில் போவார். சிலர் திரும்பியும் வானில் வந்தார்கள், படுத்தபடி, முகம் மூடி. அவர்களுக்கும் ஐயர் இறங்குதுறையில் நின்று தேவாரம் பாடினார்.

ஒருவழியாக எல்லாச் சாமானும் வந்து சேர்ந்தபோது நாட்டில் பெற்றோல் இல்லை. ஆனைக்குத் தீன் போடுகிற அளவுக்கு வாயையும் வயிற்றையும் பெருப்பித்துவிட்டு, கார் பட்டினி கிடந்தது. ஐயர் வெறும் பெற்றோல் கானோடு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் செல்வம்.

பெற்றோல் வந்த பிறகு ஒரு காலை ஐயர் காரை உயிர்ப்பித்தார். முதல் தரம் உறுமி வெடித்த சத்தத்துக்கு, இறங்குதுறையில் நின்ற, சண்டைக் காலத்தைக் கண்ட எங்கள் வயதுக்காரர் அத்தனை பேரும் நிலத்தில் குப்புறப் படுத்தோம். தெற்கிலிருந்து வந்த யாத்திரிகர்கள் நின்றபடி எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் உடுத்த சாரத்தில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினோம்.

அடுத்த கிழமை பொன்னம்மாக்காவைப் படகில் கொண்டுவந்தார்கள். நயினாதீவில் கச்சான் கடலை விற்கிறவ. வாய் ஒரு பக்கம் கோணி, கை கால் விழுந்திருந்தது. அம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

“கொண்டாங்கோ,” என்றார் ஐயர். கார் ஒரே திருப்பில் உயிர்த்தது. அவர் பின்கதவைத் திறந்தார்.

படுக்க வைக்க இடம் இல்லை. பின் இருக்கை இருந்த இடத்தில் சின்னத் தாங்கியும் பம்பும் பளபளத்துக்கொண்டிருந்தன. முன்னுக்கு இருந்தது ரேஸ்காரன் இருக்கை, சாயாது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கழற்றிப் போட்ட அந்தப் பின் இருக்கையில்தான் நான் இருந்தேன், பேப்பரோடு. எழும்பினேன். எழும்பி என்ன பயன்?

செல்வம் மெதுவாகச் சொன்னார்: “மாஸ்டர், ஐயரிட்டைச் சொல்லுங்கோ. என்ரை வானிலை படுக்க வைக்கலாம். பம்ப்தான் ரெண்டு நாளா இருமுது.”

ஐயர் பொன்னம்மாக்காவைப் பார்த்தார். “ஏத்தச் சொல்லும். நான் பின்னாலை வாறன்.”

வான் முன்னுக்குப் போனது. பொன்னம்மாக்காவின் மகளும் நானும் உள்ளே. பின்னால் அந்தப் பேய்க் கார் மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. தாம்போதியின் நடுவில் வான் இருமியது, நின்றது. செல்வம் ஸ்டியறிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

ஐயர் வந்து வானுக்கு அடியில் வேட்டியோடு படுத்தார். தன் காரின் சின்னத் தாங்கியிலிருந்து பம்பைக் கழற்றி வந்திருந்தார். கழற்ற வேண்டியது குழாயும் வயரும்தான். “பிடி,” என்றார். மாஸ்டர் என்று சொல்லவில்லை. நான் குனிவதற்குள் செல்வத்தின் கை குழாயைப் பிடித்திருந்தது.

வான் ஓடியது. பம்ப் இல்லாத காரைக் கடலுக்குக் காவல் வைத்துவிட்டு, ஐயர் வீட்டுக்கு பஸ்ஸில் போனார். மறுநாள் உழவு இயந்திரம் காரை இழுத்து வந்தது.

பொன்னம்மாக்கா தப்பவில்லை. சில நாளில் ஆஸ்பத்திரி வார்ட்டில் செத்தா. ஐயரிடம் போய்ச் சொன்னேன்.

“கட்டிலிலையோ?”

“ஓம், ஐயா. மகள் தண்ணி பருக்கினவ.”

“அப்ப சரி,” என்றார்.

அந்தப் பம்ப் கூடுதலாகத் தள்ளுகிற பெற்றோல் தாங்கிக்கே திரும்பிப் போகிற ஏற்பாட்டையும் வானுக்குப் பூட்டிக் கொடுத்தார். பம்பைத் திருப்பிக் கேட்கவில்லை. செல்வத்தோடு கதைக்கவும் இல்லை.

போன மாரியில் நோயில் விழுந்த ஐயரை அதே வானில் ஏற்றினோம். தாம்போதியில் பம்ப் வண்டுபோல ரீங்கரித்தது. அவர் அதைக் கேட்டபடி படுத்திருந்தார்.

“மாஸ்டர், அந்த ஆளிட்டைச் சொல்லும். தாங்கியை அரைவாசிக்குக் கீழை இறங்க விடவேண்டாமெண்டு. பம்ப் சூடேறிப்போம்.”

“விடமாட்டன் எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர்,” என்றார் செல்வம், திரும்பாமல்.

ஐயரும் கட்டிலில்தான் போனார்.

இப்போது என்னிடம் ஒருவரும் எதையும் சொல்லச் சொல்வதில்லை. படகால் இறங்கியதும் கொட்டிலைத் தாண்டி வானடிக்குப் போய், கண்ணாடிக்குள்ளால் பெற்றோல் முள்ளை எட்டிப் பார்க்கிறேன். அரைவாசிக்கு மேலேதான் நிற்கிறது, ஐயா.